நேர்காணலா, மதிப்பெண்ணா, குலுக்கலா: ஓர் அறக்கொடைக்குத் தேர்வு முறை வகுத்தபோது

“நன்றாகப் படிக்கிற, வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.” மறைந்த எங்கள் தமிழாசிரியரின் பெயரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிதி அமைக்கலாம் என்று பழைய மாணவர்கள் சிலர் கூடிப் பேசியபோது, மறுபேச்சில்லாமல் அனைவரும் ஏற்றுக்கொண்ட வாக்கியம் இது ஒன்றுதான். முடிவு எடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு கலைந்தோம். இரண்டு வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகம் நன்கொடை ஒப்பந்தத்தின் வரைவை அனுப்பியது. அதில் ‘தேர்வு முறை’ என்ற தலைப்பின் கீழ் முக்கால் பக்கம் எங்களுக்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது. நன்றாகப் படிப்பதை எதைக் கொண்டு அளப்பது, வசதிக் குறைவை எந்தத் தாளைக் கொண்டு அறிவது, இரண்டில் எதை முதலில் பார்ப்பது, இருவர் சமமாக வந்து நின்றால் யாருக்குக் கொடுப்பது என்ற எந்தக் கேள்விக்கும் எங்கள் வாக்கியத்தில் விடை இல்லை.

குழுவின் செயலாளர் என்பதால் அந்த முக்கால் பக்கத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. வேறொரு நிதியின் தேர்வுக் குழுவில் முன்பு மூன்று ஆண்டுகள் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். அங்கே கண்டவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு, எங்கள் முன்னிருந்த வழிகளை ஒன்றுக்கெதிரே ஒன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் குழுவினருக்கு நான் எழுதிக் கொடுத்ததன் விரிவே இது. எங்கள் கணக்கு சிறியது. முதலைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்து மட்டும் வழங்குவது என்பது ஏற்பாடு. இரண்டரை லட்சம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 10,000 வெள்ளி கிடைக்கும், அதாவது ஆளுக்கு 5,000 வெள்ளியாக இரண்டு மாணவர்கள். இரண்டே பேர் என்பதால்தான் முறை முக்கியமாகிறது. இருநூறு பேருக்குக் கொடுக்கிற திட்டத்தில் ஒரு தவறு மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் கரைந்துவிடும்; இரண்டில் ஒன்று தவறினால் பாதி நிதி தவறான கைக்குப் போனதாக ஆகும்.

சிங்கப்பூரில் இவ்வகை உதவிகளுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. திறமையைப் பாராட்டிக் கொடுப்பது உபகாரச் சம்பளம். குடும்ப நிலையைப் பார்த்துக் கொடுப்பது உதவி நிதி. முன்னதற்கு இங்கே நீண்ட மரபு உண்டு. 1885இல் ஏற்படுத்தப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம் முதல் இன்றைய அதிபர் உபகாரச் சம்பளம் வரை, அதைப் பெற்றவர்களின் படங்கள் நாளேடுகளில் வருவதும், பெற்றோர்கள் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் நமக்குப் பழகிய காட்சி. உதவி நிதி பெற்றவரின் படத்தை யாரும் வெட்டி வைத்துக்கொள்வதில்லை. எங்கள் வாக்கியம் இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டின் பெருமையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு நின்றது. அலுவலகத்தில் எங்களோடு பேசிய அதிகாரி, நன்கொடையாளர்களில் பெரும்பாலோர் அந்த நடுவில்தான் வந்து நிற்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மதிப்பெண் வரிசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பித்தவர்களைத் தேர்வு முடிவுகளின்படி அடுக்கி, மேலிருந்து இருவரை எடுத்துக்கொள்வது என்பதைவிடச் செலவு குறைந்த, விரைவான முறை கிடையாது. யாரும் யாரையும் சந்திக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் எண்ணைக் காட்டிவிடலாம். ஆனால் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாதவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறோம் என்பது விண்ணப்பங்களைப் பிரித்த உடனே தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பான தொடக்கக் கல்லூரியிலிருந்து வருபவரின் ஏ நிலைத் தேர்வுச் சேர்க்கைப் புள்ளி, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் 70க்குக் கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்னால் அது 90க்கு இருந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரின் சராசரி 4க்கு. ஐபி எனப்படும் அனைத்துலகப் பள்ளியிறுதிப் பட்டயம் முடித்தவருக்கு 45க்கு. எங்கள் குழுவிலிருந்த பொறியாளர், 4ஐ 17.5ஆல் பெருக்கினால் 70 வந்துவிடுகிறதே, இதில் என்ன கஷ்டம் என்றார். அவர் கணக்குப்படி 3.8 சராசரி 66.5 ஆகிவிடும். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த 3.8 மூன்று ஆண்டுகளில், பல பருவங்களில், செய்முறை, குழுப்பணி, வேலைப் பயிற்சி எல்லாம் சேர்ந்து திரண்ட எண். ஏ நிலைப் புள்ளியோ இரண்டு ஆண்டுப் படிப்பைக் கடைசிச் சில வாரத் தேர்வுகளில் கொட்டி எடுத்த எண். முழத்தையும் படியையும் ஒன்றாக்கப் பெருக்கல் வாய்பாடு உதவாது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. நுழைவின்போது கொடுக்காமல், முதலாண்டு முடிந்த பிறகு பல்கலைக்கழக மதிப்பெண்ணை வைத்துக் கொடுத்தால் எல்லோரும் ஒரே அளவுகோலுக்குள் வந்துவிடுவார்கள். கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் காசில்லாத மாணவருக்கு இடுக்கண் மிகுந்த காலமே அந்த முதலாண்டுதான். மடிக்கணினி, விடுதி முன்பணம், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதால் நின்றுபோன வருமானம் எல்லாம் முதல் பருவத்திலேயே வந்து சேர்ந்துவிடும். முதலாண்டைத் தாக்குப்பிடித்தவருக்கு மட்டும் உதவுகிற நிதி, தாக்குப்பிடிக்க முடியாமல் போனவரைப் பார்ப்பதே இல்லை.

இனி, தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்கும் வழி. இங்கே கையாளப்படும் அளவு தலா வருமானம்: ஒரே வீட்டில் வசிப்போரின் மொத்த மாத வருமானத்தை அந்த வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. கல்வி அமைச்சின் உதவி நிதிகளும் இந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. எளிமையானது, யாவருக்கும் புரிவது. ஆயினும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், பாட்டி; மாத வருமானம் 4,500 வெள்ளி. ஐவருக்கு வகுத்தால் தலைக்கு 900. பாட்டி ஈசூனிலிருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டால் அதே 4,500ஐ நால்வருக்கு வகுக்க வேண்டும், 1,125 ஆகிவிடும். எல்லைக்கோடு 1,000 என்று நாம் வைத்திருந்தால், அந்த மாணவருக்கு உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பாட்டியின் கட்டில் எந்த வீட்டில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. சித்தப்பா வீட்டிலிருக்கும் பாட்டிக்கு மாதாமாதம் மருந்துச் செலவு அனுப்புவது இந்தத் தந்தையாகவே இருக்கலாம். வகுத்தலில் அது வராது.

தாள்களிலும் இதே தொல்லை உண்டு. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வரிக் கணிப்பறிக்கை சென்ற ஆண்டின் வருமானத்தைத்தான் காட்டும்; மார்ச் மாதம் ஆட்குறைப்புக்கு ஆளான தந்தை அதில் இன்னமும் நல்ல சம்பளக்காரராகவே இருப்பார். மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியின் அறிக்கையைக் கேட்கலாம் என்றால், உணவு விநியோகம் செய்பவரும் தனியார் வாடகைக் கார் ஓட்டுபவரும் அதற்குள் முழுமையாகத் தெரிவதில்லை. 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த இணையத்தளப் பணியாளர் சட்டம், 1995ஆம் ஆண்டு தொடங்கியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத்தான் கூடுதல் சேமநிதிப் பங்களிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது; மூத்தவர்கள் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளையின் தந்தை அந்த வயதுக் கோட்டுக்கு மேலே இருப்பவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆண் மாணவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. இடத்தைப் பெற்றுக்கொண்டு, ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு இரண்டு ஆண்டுகள் போய்த் திரும்புகிறார்கள். இடம் கிடைத்த ஆண்டில் கொடுத்த வருமானச் சான்றுகள், வகுப்பில் போய் உட்காரும் ஆண்டில் வேறொரு குடும்பத்தைப் பற்றியவை போல ஆகிவிட்டிருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் தேவையை அளப்பதை நான் கைவிடச் சொல்லவில்லை. அதை நன்கொடையாளர்கள் தனியாகச் செய்ய வேண்டாம் என்கிறேன். உதவி நிதிகளுக்காகப் பல்கலைக்கழகம் எப்படியும் குடும்ப வருமானத்தைச் சரிபார்க்கிறது. அதே விவரங்களை எங்களுக்கென்று இரண்டாவது முறை கேட்பது மாணவருக்கு அலைச்சல். யாருடைய சம்பளச் சீட்டோ எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடப்பது, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிற ஊரில் எங்களுக்கும் நல்லதல்ல.

மூன்றாவது வழிதான் எங்கள் குழுவில் பெரும்பாலோரின் மனத்தைக் கவர்ந்தது: தேர்வுக் குழுவும் நேர்காணலும். பிள்ளையை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது வாதம். மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாள்களில் ஒரு மாலைப்பொழுது இன்னும் நினைவிலிருக்கிறது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முதலில் வந்த இளைஞர் மாணவர் மன்றத்தில் இருந்தவர். கம்போடியாவில் சமூகச் சேவைக்குப் போய்வந்தவர். எங்கள் கேள்விகளை முன்பே கேட்டுப் பழகியவர் போலத் தங்குதடையின்றிப் பேசினார். அவருக்கு அடுத்து வந்த மாணவி பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர். பேசும்போது இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ‘தலைமைத்துவம்’ என்று மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் இருந்ததால், எந்தப் பொறுப்பில் தலைமையேற்றிருக்கிறீர்கள் என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றார். கட்டத்தில் 10க்கு 3 என்று எழுதினேன். எழுந்து கதவருகே போனபோது, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்க, மன்னியுங்கள், ரொட்டிக் கடையில் ஏழு மணிக்கு வேலை, பகுதிநேர ஊழியர்கள் ஆறு பேருக்கு நேர அட்டவணை போடுவது நான்தான், நானே தாமதமாகப் போனால் நன்றாயிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அடுத்தவரின் கோப்பைத் திறந்துவிட்டிருந்தோம். அந்த 3ஐ நான் திருத்தவில்லை.

நேர்காணல் நம்மிடையே எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தவறின் வேர் தெரியும். 1951இல் அமைக்கப்பட்ட பொதுச் சேவை ஆணையம் தன் உபகாரச் சம்பளங்களுக்கு நேர்காணல் வைக்கிறது, வைக்க வேண்டும். உள்நாட்டில் படித்தால் 4 ஆண்டுகள், ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் படித்தால் 6 ஆண்டுகள் என்று ஒப்பந்தக் கடப்பாட்டோடு வருவது அந்த உதவி. அங்கே படிப்புச் செலவைக் கொடுப்பவர் நாளைய அதிகாரியை வேலைக்கு எடுக்கிறார். அந்த மனிதர் எப்படிப் பேசுவார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்று பார்ப்பது அவருடைய கடமை. எங்கள் நிதியில் கடப்பாடு எதுவும் இல்லை. நாங்கள் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. அப்படியிருக்க, கோட்டும் சூட்டுமாக வந்து நாற்காலி நுனியில் உட்காரச் சொல்லி ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எதைத் தேடுகிறோம்? பெரிய நிறுவனங்களின் சடங்கை நாமும் செய்தால் நம் நிதிக்கும் அந்த மதிப்பு வந்துவிடும் என்ற ஆசை அதில் ஓரளவு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் சமூகத்தின் அளவும் நேர்காணலுக்கு எதிராகவே நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய வட்டத்தில் ஒரு தமிழ் நிதிக்கு வரும் விண்ணப்பதாரரின் மாமாவையோ கோயில் நிர்வாகத்திலிருக்கும் தந்தையையோ குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். நான் இருந்த குழுவிலும் அது நடந்தது. “எனக்குத் தெரிந்த பையன், நல்ல குடும்பம்” என்று ஒருவர் சொன்னார்; சொன்னவர் அறையை விட்டு எழுந்து போகவில்லை. இதில் நான் கவனித்தது, அதை யாரும் குறையாகவே கருதவில்லை என்பதுதான். தெரிந்தவர் என்பது விலகிக்கொள்ளக் காரணமாக இருக்க வேண்டியது போய், விண்ணப்பத்துக்குச் சான்றாக ஆகிவிட்டது. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

நேர்காணலைச் சீர்செய்யவே முடியாது என்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது, எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசும் முன்பே அவரவர் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிடுவது ஆகிய மூன்றும் இருந்தால் அதன் நம்பகத்தன்மை கூடும் என்பது ஆள்தேர்வு பற்றிய ஆய்வுகளில் நன்கு நிலைபெற்ற முடிவு. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பல நாள் வேலை. ஆண்டுக்கு 10,000 வெள்ளி கொடுக்கிற நிதிக்கு அவ்வளவு பெரிய தராசு பொருந்தாது. அரைகுறையாகச் செய்தால் மேலே சொன்ன ரொட்டிக் கடைக் கதைதான் திரும்ப நடக்கும். துறைத் தலைவரோ பேராசிரியரோ பரிந்துரைக்கும் மாணவருக்குக் கொடுப்பது என்ற வழியும் பேச்சில் வந்தது. முதலாண்டு மாணவரைப் பேராசிரியருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிற மாணவராக இருக்கும். அந்த வழியை இத்தோடு விட்டேன்.

நான் பரிந்துரைத்தது நான்காவது வழி. முதலில் ஒரு தகுதிக் கோடு. கோட்டைத் தாண்டியவர்களைத் தேவையின் அடிப்படையில் படிகளாகப் பிரித்து, மிகுந்த தேவையுள்ள படியிலிருந்து தொடங்குவது. ஒரே படியில் இரண்டுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் குலுக்கல்.

தகுதிக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. என் நிலை இது: பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததே தகுதி. நாங்கள் போடக்கூடிய எந்த வடிகட்டியையும்விட நுண்ணிய வடிகட்டி ஒன்றைக் கடந்துதான் அந்த மாணவர் உள்ளே வந்திருக்கிறார். ‘நன்றாகப் படிக்கிற’ என்ற எங்கள் வாக்கியத்தின் முற்பாதி அங்கேயே நிறைவேறிவிட்டது; மீண்டும் ஒரு முறை அளந்தால், துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அரைப் புள்ளி கூடும். இப்படிப் பார்த்தால் ஏ நிலையையும் பலதுறைத் தொழிற்கல்லூரியையும் ஒப்பிடும் தலைவலி முழுவதுமாக மறைந்துபோகிறது என்பதை எங்கள் பொறியாளரே ஒப்புக்கொண்டார்.

தேவைக்கு வரிசை வைக்காமல் படிகள் வைத்ததற்குக் காரணம் பாட்டியின் கட்டில். 900 வெள்ளிக் குடும்பத்தையும் 940 வெள்ளிக் குடும்பத்தையும் முன்பின்னாக நிறுத்தும் அளவுக்கு அந்த எண்கள் நுட்பமானவை அல்ல. 1,000 வரை ஒரு படி, 1,500 வரை அடுத்த படி என்று அகலமாக வைத்தால் சிறு பிழைகள் யாரையும் வீழ்த்துவதில்லை. படியின் விளிம்பில் நிற்பவருக்காகவும், வேலையிழப்பு, மரணம், நீண்ட நோய் போன்றவை தாளில் இன்னும் ஏறாதவருக்காகவும், அலுவலக அதிகாரி ஆவணத்தின்பேரில் கூடுதல் தேவையுள்ள அடுத்த படிக்கு மாற்றலாம் என்றும், மாற்றினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும் சேர்த்தோம்.

குலுக்கல் என்றதும் எதிர்ப்பு வந்தது. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகளைச் சீட்டில் விடுவதா என்று குழுவின் மூத்த உறுப்பினரான அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊரில் நம் வாழ்க்கையின் பெரிய காரியங்கள் சில குலுக்கலில்தான் தீர்கின்றன. தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களிலேயே இடத்துக்கு மேல் ஆள் இருந்தால் குலுக்கல். பிடிஓ எனப்படும், முன்பதிவின்பேரில் கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு வரிசை எண் கிடைப்பதும் குலுக்கலில். அவற்றில் பெயர் வராதவர் ஏமாற்றத்தோடு வீடு திரும்புகிறார். நான் தகுதியற்றவன் என்று யாரும் தீர்ப்பு எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்புவதில்லை. நேர்காணலில் தோற்ற பிள்ளை அந்தச் சுமையோடுதான் போகிறது. நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கான இடங்களையே 1972 முதல் 2017 வரை மதிப்பெண்ணுக்கேற்ப வாய்ப்பைக் கூட்டிக் குறைத்த ஒரு குலுக்கலில்தான் பெருமளவு பங்கிட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட அக்காவை அசைத்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளைப் பள்ளியில் எங்களுக்கு நடத்தியது, இந்த நிதி யார் பெயரில் அமைகிறதோ அந்த ஆசிரியர்தான். குடவோலை என்றால் பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பது என்பது மட்டுமே பலருக்கு நினைவிருக்கிறது. கல்வெட்டில் பெரும்பகுதி பானைக்கு முந்திய காரியங்களைப் பற்றியது. இன்ன அளவு நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, இன்ன கல்வி என்று தகுதிகளை முதலில் வகுத்தார்கள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும், அவருடைய நெருங்கிய உறவினரையும், முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவரையும் நீக்கினார்கள். எஞ்சிய பெயர்களை மட்டும் ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நிலமும் வேதக்கல்வியும் உள்ளவர்களுக்கே திறந்திருந்த அவை அது என்பதை மறக்க வேண்டியதில்லை. இன்று நாம் போடும் தகுதிக் கோடு அப்படிப்பட்டதாக இருக்கக்கூடாது. ஆனால் எதை மனிதர் தீர்மானிப்பது, எந்த இடத்தில் மனிதர் கையை எடுத்துவிடுவது என்று அவர்கள் பிரித்து வைத்த வரிசை இன்றும் கைக்கு உதவுகிறது.

தமிழருக்கு மட்டும் கொடுப்பதா என்ற கேள்வியையும் தீர்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு நடத்தும் கல்விக்கூடங்களின் நிர்வாகத்திலும், பொது நிதியிலிருந்து தரும் கல்வி உதவியிலும், சமயம், இனம், வமிசம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தனியார் கொடைக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர்களின் வேலை. எங்களுக்கு முன்னால் இருந்தது எதை விரும்புகிறோம் என்ற கேள்வி. இனத்தின்பேரில் கொடுப்பது ஒரு வழி. யாருக்கும் என்று திறந்துவிடுவது மற்றொன்று. பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ தமிழைப் பாடமாகப் படித்தவருக்கு என்பது இடைப்பட்ட வழி. மூன்றாவதை எடுத்தோம். தமிழ் படித்த சீனப் பிள்ளையோ மலாய்ப் பிள்ளையோ விண்ணப்பித்தால் எங்கள் ஆசிரியர் துள்ளிக் குதித்திருப்பார். தமிழ்ப் பெயர் இருந்தும் பள்ளியில் வேறு மொழி படித்த பிள்ளை வெளியே நிற்கும் என்பது இதிலுள்ள இழப்பு; அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எந்த வழியை எடுத்தாலும் தேவைப்படும் சில ஏற்பாடுகளும் இருந்தன. விதிகள் முழுவதையும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும். நடுவில் மாற்றினால் அடுத்த ஆண்டு முதல்தான் செல்லும். கிடைக்காதவருக்கு ‘வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரி அனுப்பாமல், எந்தப் படியில் வைக்கப்பட்டார், குலுக்கல் வரை வந்தாரா என்பதைத் தெரிவிக்க வேண்டும். படி தவறென்று கருதினால் பதினான்கு நாளில் முறையிடலாம். முதலில் முடிவெடுத்த அதிகாரி அதைப் பார்க்கக்கூடாது. அவர் பார்த்தால் முறையீட்டுக்கு அர்த்தமே இல்லை.

புதுப்பித்தல்தான் கவனிக்காமல் விடப்படும் இடம். உதவி அடுத்த ஆண்டும் தொடர வேண்டுமானால் சராசரி 5க்கு 3.5 இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையை எழுதுவது வழக்கம். யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவர்தான் அந்தக் கோட்டிலிருந்து முதலில் சறுக்குவார். சறுக்கிய மறு பருவமே பணம் நின்றால் அவர் வேலை நேரத்தைக் கூட்டுவார், சராசரி இன்னும் இறங்கும். நல்ல நோக்கத்தோடு எழுதிய ஒரு வரி, யாருக்காக நிதி வைத்தோமோ அவரையே பொறுக்கி எடுத்து வெளியேற்றிவிடும். ஆகவே பட்டப்படிப்பைத் தொடரத் தகுதியான நிலையில் இருந்தால் போதும் என்று கோட்டைக் கீழே இறக்கினோம். அதற்கும் கீழே போனால் ஒரு முழுப் பருவம் அவகாசம். அந்தப் பருவத்திலும் பணம் நிற்காது.

இந்த வழியால் நாங்கள் இழப்பது ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. கொடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் இன்பம் போய்விடுகிறது. 1950களில் ‘தமிழ் முரசு’ நாளேட்டின் கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குப் பணம் கொடுத்த தொழிலாளிகளுக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதனால் பயன்பெறப் போவது யார் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் நாங்கள் அவர்கள் அல்லர். பெயர்ப் பலகை, நன்றிக் கடிதம், புகைப்படம் எல்லாம் பழகிப்போன தலைமுறை. பணம் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாதா என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பெறுபவர்கள் உறுதியாகி, பணம் அவர்கள் கணக்கில் சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, விரும்பினால் மட்டும் வரலாம் என்ற அழைப்போடு ஒரு தேநீர்ச் சந்திப்பு என்று எழுதினோம். வராவிட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது என்ற வரியை அக்காவே சேர்த்தார்.

நிரப்பிய பக்கம் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்திருக்கிறது: குலுக்கலைக் கணினியில் நடத்தலாமா, அல்லது சீட்டு எழுதித்தான் எடுக்க வேண்டுமா. கணினியே போதும் என்பது என் எண்ணம். அக்கா சீட்டுதான் வேண்டும் என்கிறார். விண்ணப்பத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத பதிவாளர் அலுவலகத்து ஊழியர் ஒருவர் எடுக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேச வேண்டும்.